ரெண்டு மாமாவும் ஒரு மடியும்

பரமகுருவின் முதல் நாவல் மதுரையிலிருந்து பஸ் பார்சலில் பூவாணிக்குளத்துக்கு வந்து இறங்கிய அன்று விடியற்காலையில், மேலத்தெருவில் எதிரெதிர் வீட்டில் குடியிருந்துகொண்டு, நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமல், எதிர்வீட்டுக்காரர் தும்மினால்கூடத் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்ந்த அவனுடைய இரண்டு தாய்மாமன்களும் ஒரே ஆளாகிப்போனார்கள். பெரிய மாமா மாசானத்தின் முறுக்கு மீசையும் சின்ன மாமா சொரிமுத்துவின் வழுக்கைத் தலையுமாக, வலது காலில் பெரியவருடைய தோல் செருப்பும் இடது காலில் சின்னவருடைய ரப்பர் செருப்புமாக, அந்த ஒரே ஆள் தெருவின் நட்டநடுவில் குழாயடியில் நின்று, இந்தப் பக்கம் ஒரு தரமும் அந்தப் பக்கம் ஒரு தரமும் பார்த்துவிட்டு, தண்ணீர் பிடிக்க வந்த பெண்களிடம், "ஏத்தா, நான் எந்த வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போணும்?" என்று கேட்டார்.

பெண்கள் யோசித்தார்கள். குடம் நிறைந்துகொண்டிருந்ததால் அதிகம் யோசிக்க முடியவில்லை.

"எந்த வீட்டுல முதல்ல கூப்பிடுதாவளோ அங்க போங்க மாமா, ஆறிரப் போவுது" என்றாள் ஒருத்தி.

இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

இது எதனால் நடந்தது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. நாவலில் ஒரு மாமா. அதனால் ஊரிலும் ஒரு மாமா. பரமகுருவுக்குப் பால் சங்கத்தில் வேலை. வருகிற பாலில் தண்ணீர் எவ்வளவு என்று கண்டுபிடிக்கிற வேலை. அந்த வேலைக்குப் போவதற்கு முன்னால் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஆறு வருஷமாக, தன் வாழ்க்கையை நடந்தது நடந்தபடி, சொட்டுத் தண்ணீர் கலக்காமல் எழுதி, மதுரையில் இருந்த பதிப்பாளர் திருவேங்கடத்துக்கு அனுப்பியிருந்தான். திருவேங்கடம் படித்துவிட்டுப் போன் போட்டார்.

"சார், இதுல ரெண்டு மாமா வர்றாங்க. ரெண்டு பேரும் கோவக்காரங்க, ரெண்டு பேரும் ஒரே தெரு. வாசகன் குழம்பிப்போவான். ஒரு மாமா போதும்."

"நெஜத்துல ரெண்டு பேரு சார்."

"நெஜத்துல எவ்வளவோ இருக்கும். நாவலுக்கு ஒரு மாமா வச்சிக்குவோம்."

பரமகுரு சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. போடாததற்குக் காரணம் அவனுடைய இடது காது.

அவனுக்கு மூன்று வயதில் சாஸ்தா கோயிலில் வைத்துக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் இரண்டு பேர் என்பதால், வலது காது ஒருவர் மடி, இடது காது இன்னொருவர் மடி என்று பெரியவர்கள் பேசிமுடித்திருந்தார்கள். ஆனால் வலது காதைக் குத்தினதும், மடியில் வைத்திருந்த மாமா, பாதி குத்தின பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பது சரியில்லை என்றார். மற்ற மாமா பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தார். ஒருவர் கையில் தலையும் ஒருவர் கையில் காலுமாகப் பிள்ளை வீரிட்டு அலற, ஆசாரி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்க முடிவு பண்ணிட்டுச் சொல்லியனுப்புங்க" என்று ஊசியைத் துணியில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். யாரும் சொல்லியனுப்பவில்லை. பரமகுருவுக்கு இன்றைக்கும் வலது காதில் மட்டும்தான் ஓட்டை உண்டு. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். பொங்கலுக்குப் பொங்கல் இரண்டு வீட்டிலும் தனித்தனியாகச் சாப்பிட்டு, இந்த வீட்டில் சாப்பிட்டதை அந்த வீட்டில் சொல்லாமல் வளர்ந்தவன் அவன். ஒரு குடும்பம் தன் காதால் உடைந்துபோனது என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

அதனால் ஒரு மாமா என்று பதிப்பாளர் சொன்னதும் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. சங்கரலிங்கம் என்று ஒரே மாமா, ஒரே மடி, இரண்டு காதும் குத்தி முடிக்கிற வரைக்கும் பிள்ளை சிரித்துக்கொண்டே இருக்கிறது என்று எழுதினான். எழுதி முடித்த அன்று அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாவலுக்கு ‘ஒரு மடி’ என்று பெயர் வைத்தான்.

ஊர் அந்த ஒரே ஆளுக்கு ஒத்தை மாமா என்று பெயர் வைத்து, சீக்கிரமே பழகிக்கொண்டது. ரேஷன் கடையில் இரண்டு கார்டுக்கும் ஒத்தை மாமாவின் ஒரே கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்கள். மெஷின் இரண்டுக்கும் சரி என்றது. இரண்டு கார்டுக்கும் சீனி போட்டுவிட்டார்கள். பெரியவருக்கு இருந்த சர்க்கரையும் சின்னவருக்கு இருந்த பிரஷரும் ஒரே உடம்பில் வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்த டாக்டர், இனிமேல் ஒரு டோக்கன் போதும் என்றார். பெரிய மாமா தையல்காரர், சின்ன மாமா மைக் செட் கடைக்காரர். ஒத்தை மாமா இரண்டையும் ஒரே கடையாக்கி, வலது கையால் துணி வெட்டி இடது கையால் ஆம்ப்ளிபயரைத் திருகினார். பேண்டுக்கு அளவெடுக்கும்போது பழக்கதோஷத்தில் அளவை மைக்கில் சொல்லிவிட்டார். மேலத்தெரு ஆண்களின் தொப்பை அளவு கீழத்தெரு வரைக்கும் தெரிந்துபோய், பல பேர் வேட்டிக்கு மாறினார்கள். சின்ன மாமா வளர்த்த நாய் மட்டும் சந்தேகம் தீராமல், ஒத்தை மாமாவின் இடது காலை நக்குவதும் வலது காலைப் பார்த்துக் குரைப்பதுமாக இருந்தது.

சாப்பாடுதான் சிக்கல். பெரிய மாமா வெள்ளிக்கிழமை விரதம். சின்ன மாமாவுக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுக்கறி. பெரியவரின் மனைவி கோமு அத்தை ஒரு பக்கமும் சின்னவரின் மனைவி சந்தனம் அத்தை ஒரு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் இலை போட, ஒத்தை மாமா விரதமும் இருந்து கறியும் தின்று, இரண்டே மாதத்தில் தைத்த சட்டையெல்லாம் பிரித்துத் தைக்கும்படி ஊதிப்போனார்.

ஆனால் ஒன்று நடந்தது. எதிரெதிர் வீட்டில் பேசாமல் இருக்கலாம். ஒரே வாயை வைத்துக்கொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது? சாயங்காலம் கடையை மூடிவிட்டு உட்கார்ந்தால் மாமா ஆரம்பித்துவிடுவார்.

"பிள்ளையக் குடுத்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும் ஒனக்கு?"

"காலப் பிடிச்சு இழுத்தது யாரு? நானா?"

"இழுக்காம? நாளெல்லாம் மடிய விரிச்சி வச்சிட்டு உக்காந்திருப்பனா?"

இப்படித் தனக்குத்தானே கத்தி, தன் கன்னத்தில் தானே ஓங்கப்போய், அடித்தால் யாருக்கு வலிக்கும் என்று யோசித்துக் கையைக் கீழே போட்டு, அந்த நினைப்பில் சிரிப்பு வந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். இதைக் கேட்கக் கூட்டம் கூடியது. கடலை விற்கிறவர் தன் வண்டியை அங்கேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

பரமகுருவின் வீட்டு வாசலிலும் கூட்டம். ஒருவர் தன் இரண்டு மருமகள்களையும் ஒன்றாக எழுதித்தர முடியுமா என்று கேட்டார், சமையல் ஒருத்தியுடையதும் குணம் இன்னொருத்தியுடையதுமாக. இன்னொருவர் தன் சம்பந்தியை யாரோடும் சேர்க்க வேண்டாம், சும்மா பேனாவால் அடித்துவிட்டால் போதும் என்றார். பரமகுருவின் மனைவி செண்பகவல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, உங்க நாவல்ல ஒரு ஆளு வாராரே, உங்க பேரு இல்லன்னாலும் நீங்கதான்னு எல்லாருக்கும் தெரியும், அவரு பொண்டாட்டிக்குத் தலைவலின்னா அடுப்படிக்குப் போயிப் பாத்திரம் பூராம் கழுவிப் போடுதாரு. அவரு எப்ப இங்க வருவாரு?"

"அது நாவலுக்காக எழுதுனது செண்பகம்."

"மாமாமாரு விஷயமும் நாவலுக்காக எழுதுனதுதான். அது நடந்துட்டு. இது மட்டும் ஏன் நடக்கல?"

பரமகுரு பேப்பரை முகத்துக்கு நேராகக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

இப்படியே போயிருந்தால் ஊருக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. ஆனால் சந்தனம் அத்தைக்கு ஒரே மகள், உலகு. காலம் போன கடைசியில் பிறந்த பெண். அவளுக்கு ஆவணியில் கல்யாணம் பேசி வைத்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒருநாள் நேரில் வந்து, இரண்டு வீட்டையும் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்ற ஒத்தை மாமாவையும் பார்த்துவிட்டு, கொடுத்த மோரைக் குடிக்காமலே சொன்னார்:

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலை. ஆனா சம்பந்தி ஒருத்தரு, சம்பந்தியம்மா ரெண்டு பேருன்னா எங்க ஊருல என்ன பேசுவாவ? ஆவணிக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லாட்டி வேற எடம் பாத்துக்கிடுதோம்."

அன்றைக்குத்தான் கோமு அத்தையும் சந்தனம் அத்தையும் சேர்ந்து, முதன்முதலாக ஒரே குடையில், பரமகுருவின் வீட்டுக்கு வந்தார்கள். சந்தனம் அத்தையின் கண் சிவந்திருந்தது.

"ஏய்யா, நீ எழுதித்தான் ஒண்ணாப் போனாவ. நீயே பிரிச்சி எழுதிரு. எம்புள்ள கல்யாணம் நின்னுட்டா நான் உசிரோட இருக்க மாட்டேன்யா."

பதிப்பாளருக்கும் சந்தோஷம்தான். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பிரதி வாங்கியதில் முதல் பதிப்பு தீர்ந்திருந்தது. இரண்டாம் பதிப்பில் என்ன வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். பரமகுரு பேனாவைத் திறந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான், எது யாருடையது என்று தனக்கு ஞாபகமில்லை என்பது தெரிந்தது. சைக்கிள் பழக்கும்போது கூடவே ஓடிவந்தது எந்த மாமா? தவளைக்குப் பயந்தது எந்த மாமா? எல்லாம் சங்கரலிங்கம் மாமாவாகவே வந்து நின்றது. அம்மா இருந்தால் கேட்கலாம்; அவள் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. ஊரில் கேட்டால், எல்லோரும் நாவலைப் படித்துவிட்டதால், நாவலில் இருப்பதையே நேரில் பார்த்த மாதிரி சொன்னார்கள்.

கடைசியில் ஊரே கூடிப் பிரித்துக்கொடுப்பது என்று முடிவாயிற்று. பத்திரம் எழுதுகிற ஆவுடையப்பன்தான் தலைமை. பூவாணிக்குளத்து வயலும் வீடும் பாதிக்கு மேல் அவர் பாகம் பிரித்ததுதான். மைக் செட் கடை வாசலில் ஒத்தை மாமாவை ஸ்டூலில் உட்காரவைத்து, ஆவுடையப்பன் மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கேட்டார். மீசை கோமு அத்தைக்கு என்பதில் தகராறு இல்லை. வழுக்கையைச் சந்தனம் அத்தை தானாகவே ஏற்றுக்கொண்டாள். பாட்டு யாருடையது என்றதும் இரண்டு பேரும் கை தூக்கினார்கள். சின்ன மாமாதான் பாடுவார் என்பது கோமு அத்தைக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷமாகச் சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவள் அவள்தான். இருந்தாலும் தூக்கின கையை இறக்கவில்லை. முணுக்கென்று வருகிற கோபத்துக்கு இரண்டு பேருமே எதிராளியைக் கைகாட்டினார்கள்.

"குறட்டை?" என்றார் ஆவுடையப்பன்.

இரண்டு அத்தைமாரும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

"யாரும் உரிமை கோரலைன்னா புறம்போக்குல சேத்திருவேன்."

"சேத்திருங்க" என்றார்கள் இரண்டு அத்தைமாரும் ஒரே குரலில்.

எல்லாம் முடிந்து கடைசியில் மடி மிஞ்சியது. பரமகுருவுக்கு முதலில் காது குத்தின மடி யாருடையது? "எங்க வீட்டு மடி" என்றாள் கோமு அத்தை. "எங்க வீட்டு மடி" என்றாள் சந்தனம் அத்தை. ஒரே குடையில் வந்தவர்கள் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆவுடையப்பன் மைக்கைப் பரமகுருவிடம் நீட்டினார்.

பரமகுரு கண்ணை மூடி யோசித்தான். தான் எழுதின வாக்கியங்கள்தான் வரிசையாக வந்தன. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. அவனுக்குப் பயமாகிவிட்டது. மாமாக்கள் போகட்டும், தன் சின்ன வயதையே எழுதி எழுதித் தொலைத்துவிட்டோமோ என்று நினைத்தான். காதைத் தடவிப் பார்த்தான். இடது காதில் ஓட்டை இல்லை. ஊரெல்லாம் ஒரே மடி என்று சாதித்தாலும் காது மட்டும் ஒத்துக்கொள்ளாமல் இருந்தது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மாமா, அன்னைக்கு என்னை முதல்ல மடியில வச்சது யாரு?"

"நாந்தாம்லே."

"ரெண்டு பேருல யாரு?"

மாமா ரொம்ப நேரம் வழுக்கையைத் தடவினார், அப்புறம் மீசையைத் தடவினார்.

"தெரியலைலே மருமவனே. ஒம் பொஸ்தகத்த நாலஞ்சு தடவ படிச்சிட்டேன். இப்ப அதான் ஞாபகத்துல நிக்கி." வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார். "ஏலே, உலகு கல்யாணம் நடக்கணும், அது சரி. ஆனா நீ பிரிச்சி எழுதுனா, நாங்க பழையபடி பேசாம ஆயிருவமோ?"

பரமகுரு வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தான். மாமாக்களை இரண்டாக்கினான், தையல் ஒருவருக்கும் மைக் செட் ஒருவருக்கும், மற்றதெல்லாம் ஆவுடையப்பன் பிரித்த பிரகாரம். காது குத்துக்கு வந்ததும், நடந்ததையும் எழுதவில்லை, முன்னால் எழுதினதையும் எழுதவில்லை. இரண்டு மாமாக்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளை இரண்டு மடிக்கும் நடுவில் குறுக்காக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறது என்று எழுதி அனுப்பினான்.

திருவேங்கடம் உடனே கூப்பிட்டார். "ஒரு பிள்ளை ரெண்டு மடியில எப்படி சார் உக்காரும்? நம்புற மாதிரி இல்லையே."

"உக்காரலாம் சார். மாமாமாரு ரெண்டு பேரும் முட்டியோட முட்டி ஒட்டி உக்காரணும், அவ்வளவுதான்."

"சரி, தலைப்பு?"

"அது அப்படியே இருக்கட்டும் சார்."

இரண்டாம் பதிப்பு பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்று, அந்தந்த வீட்டில் அந்தந்த மாமா படுக்கையிலிருந்து எழுந்தார். சின்னச் சின்ன மாறாட்டங்கள் இருக்கத்தான் செய்தன. பாட்டு பெரிய மாமாவிடம் போய்விட்டது. கோமு அத்தை அதைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. நாய்க்கு நிம்மதி. இரண்டு மாமாக்களும் குறட்டை விடுவதில்லை. அது புறம்போக்கில் சேர்ந்துவிட்டதால் குழாயடியில் தனியாகக் கேட்கிறது. விடிகாலையில் தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் குடத்தைச் சத்தம் போடாமல் வைக்கிறார்கள்.

பேச்சுதான் எல்லோருக்கும் கவலையாக இருந்தது. கல்யாணத்தன்று வரைக்கும் மாமாக்கள் இரண்டு பேரும் வாசலில் வந்து நிற்பதும், தொண்டையைச் செருமுவதும், அண்ணன் ஆரம்பிக்கட்டும் என்று தம்பியும் தம்பி ஆரம்பிக்கட்டும் என்று அண்ணனும் உள்ளே போய்விடுவதுமாக இருந்தார்கள். சின்ன மாமா தாரை வார்த்துக் கொடுத்தார். பெரிய மாமா தள்ளி நின்று பந்தியைக் கவனித்தார். உலகுவின் கழுத்தில் தாலி ஏறி, மாப்பிள்ளையின் அப்பா திருப்தியாக மோர் குடித்து முடித்ததும், செண்பகவல்லி மணமேடைக்கு வந்து மைக்கை வாங்கினாள்.

"மாமாமாருக்கு எழுதுனபடி நடந்துட்டு. எழுதுன ஆளுக்கு நடக்காண்டாமா? முதல்ல காது. பாத்திரத்த நான் வீட்டுல போயிப் பாத்துக்கிடுதேன்."

ஊரே ஆமாம் என்றது. பரமகுரு நழுவப் பார்த்தான். பால் சங்கத்துக்காரர்கள் நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பாதியில் பஸ் ஏறிப்போன ஆசாரியின் மகனைச் செண்பகவல்லி முன்கூட்டியே சொல்லி வரவழைத்திருந்தாள். மணமேடையில் ஒரு பெஞ்சு போடப்பட்டது. பெரிய மாமா ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். சின்ன மாமா மறு ஓரத்தில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது.

"அப்படி இருந்தா அவரு கீழ விழுந்துருவாரு" என்றாள் செண்பகவல்லி. "பொஸ்தகத்துல எப்படிப் போட்டிருக்கோ அப்படி உக்காருங்க."

இரண்டு பேரும் ஒரு சாண் நகர்ந்தார்கள். இன்னும் ஒரு சாண். முட்டியோடு முட்டி இடித்தபோது, இரண்டு கிழவர்களும் சுருக்கென்று ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தாறு வயதும் நல்ல தொப்பையுமாகப் பரமகுரு இரண்டு மடியிலும் குறுக்கே ஏறி உட்கார, "யாத்தி" என்று இரண்டு மாமாவும் ஒரே மூச்சில் முனகினார்கள். ஆசாரி இடது காதைப் பிடித்து ஊசியை இறக்கினார்.

பரமகுரு வீரிட்டு அழுதான். மைக் நிறுத்தப்படாமல் இருந்ததால் அந்த அழுகை கீழத்தெரு வரைக்கும் கேட்டது. வலித்ததென்னவோ கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் எப்போதோ அழுதிருக்க வேண்டியது.

பெரிய மாமா அவனுடைய முதுகைத் தட்டிக்கொடுத்தார். "ஏலே, பொஸ்தகத்துல சிரிச்சேன்னுல்லா எழுதியிருக்க?"

"அது நாவல் மாமா" என்றான் பரமகுரு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பெரிய மாமா தொண்டையைச் செருமினார். பிறகு மருமகனின் தலைக்கு மேலாகப் பார்த்து, "தம்பி, இவன் எழுதுறத அப்படியே நம்பக் கூடாது போலிருக்கே" என்றார்.

சின்ன மாமா மருமகனின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை இழுப்பதற்கு இல்லை.

"அப்ப நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டதா எழுதியிருக்கானேண்ணே, அது?"

"அது மட்டும் இருந்துட்டுப் போவட்டும்" என்ற பெரிய மாமா, பரமகுரு நழுவி விழாமலிருக்க முட்டியை இன்னும் கொஞ்சம் ஒட்டி வைத்துக்கொண்டார்.